சர்க்குலர் ஸாவைத் தலைகீழாக மாட்டி டேபிள் ஸா செய்யலாமா? கையுறை போட வேண்டுமா?

புதுக்கை எழுதியது:

வணக்கம். வீட்டின் பின்னறையைச் சின்னப் பட்டறையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். தொழிலுக்கு இல்லை, விடுமுறை நாட்களில் அலமாரி, ஸ்டூல் என்று ஏதாவது செய்து பார்க்கத்தான். கையில் இருப்பது 7 அங்குல சர்க்குலர் ஸா, 4 அங்குல கிரைண்டர், ட்ரில், ஜிக் ஸா. அடுத்து ரூட்டர் (மரத்தில் பள்ளமும் ஓர வடிவமும் செதுக்கும் மெஷின்) வாங்கலாம் என்று இருக்கிறேன். இதுவரை கைரம்பமும் உளியும்தான் பழக்கம், மெஷின் எல்லாம் புதிது, அதனால் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்.

வீடியோக்களில் நிறைய பேர் சர்க்குலர் ஸாவை ஒரு ப்ளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகி, பிளேடை மேலே நீட்டவிட்டு, டேபிள் ஸா ரெடி என்கிறார்கள். ட்ரிகரை கேபிள் டை போட்டு அமுக்கியே வைத்துவிட்டு, ஆன், ஆஃப் எல்லாம் சுவர் சுவிட்சில். பார்க்க எளிதாக இருக்கிறது. செய்யலாமா, இல்லை வில்லங்கமா?

கிரைண்டரில் மரம் அறுக்கிற பல் பிளேடு மாட்டிச் சின்ன வெட்டுகளைப் போடலாம் என்றும் சொல்கிறார்கள். அதுவும் சரியா? கடைசியாக, கையுறை போடாமல் மெஷினைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. தடித்த தோல் கையுறை ஒரு ஜோடி வந்தும் விட்டது. கண்ணாடி, மாஸ்க், காதுக்கு ஏதாவது என்று இன்னும் என்னென்ன வேண்டும், எதை முதலில் வாங்குவது?

இழைப்புளி எழுதியது:

தம்பி, கையுறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சுழலும் பிளேடு, ட்ரில் பிட், ரூட்டர் பக்கத்தில் கையுறை வேண்டவே வேண்டாம். வெறும் விரலில் பல் பட்டால் வெட்டும், அதுவே மோசம்தான். கையுறையில் பட்டால் பல் அதைப் பிடித்துச் சுற்றிக்கொள்ளும், கையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். முழுக்கைச் சட்டையின் பட்டன் போடாத முனை, மோதிரம், கழுத்துச் சங்கிலி, அவிழ்த்துவிட்ட முடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கையுறையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். சிலாம்பு நிறைந்த பலகையைச் சுமக்கும்போதும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடு மாற்றும்போதும் உதவும்.

சரி, டேபிள் ஸா. பிளேடில் விரல் பட்டுவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், மரம் திருப்பி உதைக்கும் என்று புதிதாக வருபவர்களில் யாரும் யோசிப்பதில்லை. விரல் பிளேடுக்குள் போவதே பல நேரம் அந்த உதையால்தான். மேசைக்கு மேல் நிற்கும் பிளேடைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் இருக்கும் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன, மரத்தை மேசையோடு அழுத்துகின்றன, அவற்றால் தொல்லை இல்லை. மறுபக்கப் பற்கள் மேசைக்கு அடியிலிருந்து ஏறி, உச்சியைத் தாண்டி, உங்களை நோக்கி வருகின்றன. அறுத்து முடித்த பாகம் அந்தப் பின்பற்களில் லேசாக உரசினால் போதும். பலகையின் தூர முனை ஒரு நூல் அளவு மேலெழும், அதற்குள் பல் அதை உச்சிக்கு ஏற்றி உங்கள் வயிற்றைப் பார்த்து வீசியிருக்கும். 185 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் அதன் பல் முனை நொடிக்கு 48 மீட்டர் வேகத்தில் போகிறது, மணிக்கு 170 கி.மீ.க்கும் மேல். அந்த வேகத்தில் கிளம்புகிற கட்டையைப் பார்த்து ஒதுங்குவது நடக்காத காரியம். இதே நேரத்தில் கை என்ன ஆகும்? மரத்தை அழுத்திக்கொண்டிருந்த கைக்கு அடியில் மரம் இல்லை, பிளேடு இருக்கிறது.

மரம் ஏன் பின்பற்களில் உரசுகிறது என்றால், ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுகிற வழிகாட்டிச் சட்டம், பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்னால் நெருங்கியிருக்கலாம். பலகை முறுக்கியிருந்து மேசையில் ஆடலாம். எல்லாம் நேராக இருந்தும் மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் அறுக்க அறுக்க அவிழ்ந்து, வெட்டிய இரண்டு பாகமும் ஒன்றை ஒன்று நெருங்கி பிளேடைக் கவ்வலாம். இந்தக் கடைசி ரகத்தை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கணு உள்ள மரத்தில் இன்னும் அதிகம்.

இதற்காகத்தான் சரியான டேபிள் ஸாவில் பிளேடுக்குப் பின்னால், சில மி.மீ. தள்ளி, ரைவிங் நைஃப் என்ற தகடு நிற்கிறது. பிளேடை ஏற்றினால் அதுவும் ஏறும், இறக்கினால் இறங்கும். பிளேடின் உடல் தகட்டைவிடத் தடிமன், பற்கள் போடும் வெட்டைவிட ஒல்லி. வெட்டிய இடத்தை மூடவிடாமல் பிடிக்கும், மரம் நகர்ந்து பின்பற்களைத் தொடாமலும் காக்கும். நீங்கள் சொல்லும் தலைகீழ் மேசையில் இது இருக்காது. அது போதாதென்று, பிளேடைத் தானாக மூடும் கீழ்மூடியையும் திறந்தபடி கட்டி வைக்க வேண்டியிருக்கும். ரைவிங் நைஃபும் இல்லை, ஸா செய்த கம்பெனி கொடுத்த மூடியும் வேலை செய்யாது, மூன்றாவதாக ட்ரிகரையும் கட்டிவிடுகிறீர்கள். என் பதில்: செய்யாதீர்கள்.

உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை. ப்ளைவுட் ஷீட்டைத் தரையில் தெர்மோகோல் பலகை மேல் போடுங்கள், நேரான பட்டை ஒன்றை இரண்டு கிளாம்ப் போட்டு ஷீட் மேல் பிடித்துவிடுங்கள், அதை ஒட்டி ஸாவை ஓட்டுங்கள். பிளேடு மரத்துக்குக் கீழே 5, 6 மி.மீ. நீட்டினால் போதும், 18 மி.மீ. ப்ளைவுட்டுக்கு ஆழம் 24. அடி முழுக்கத் தாங்கல் இருப்பதால் ஷீட் தொய்ந்து பிளேடைக் கவ்வாது. இரண்டு ஸ்டூல் நடுவே பலகையைப் பாலம் மாதிரி வைத்து நடுவில் அறுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். முக்கால்வாசி போனதும் நடு இறங்கும், வெட்டு மூடும், ஸா பின்னால் துள்ளி வரும். இன்னொன்று, கையில் பிடித்து ஓட்டும் ஸாவில் சிலாம்பு மேல்பக்கம்தான் கிளம்பும், அதனால் நல்ல முகத்தைக் கீழே வையுங்கள்.

கிரைண்டரில் பல் பிளேடு பற்றி என்னிடம் கேட்காதீர்கள், கோபம் வரும். வேறு யாராவது சொல்லட்டும்.

சிராய் எழுதியது:

நான் சொல்கிறேன். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று பக்கம் ஓடுகிறது. அது தேய்க்கவும் உலோகம் வெட்டவும் செய்தது. மரத்தில் பல் பிளேடு சிக்கினால் கிரைண்டரே கையிலிருந்து திமிறும். சர்க்குலர் ஸாவுக்கு இருப்பது போல மரத்தின் மேல் பதித்து வைக்க அடித்தட்டு இல்லை, ஆழத்துக்கு வரம்பு இல்லை, கூடவே கார்டு (டிஸ்க்கை மறைக்கும் மூடி) இடிக்கிறது என்று அதையும் கழற்றிவிடுவார்கள். சிக்கும்போது கிரைண்டர் எந்தப் பக்கம் திரும்பும் என்று பிடித்திருப்பவருக்கும் தெரியாது. செயின் ஸா சங்கிலியை வட்டமாகச் சுற்றிய டிஸ்க் ஒன்றும் விற்கிறது, அது இதைவிட ஒரு படி மோசம். கிரைண்டரில் உப்புத்தாள் மடல்கள் வைத்த ஃப்ளாப் டிஸ்க் போட்டு மரத்தைத் தேய்க்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கல் வெட்டும் மார்பிள் கட்டரில் மர பிளேடு போடுவதும் இதே சங்கதி. அதன் கார்டு அசையாமல் நிற்கும் அரை மூடி, கீழ்ப்பாதி எப்போதும் திறந்தே இருக்கும். வெட்டி முடித்துக் கீழே வைக்கும்போதும் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும், தரையைக் கடித்து ஓடும், பக்கத்தில் உங்கள் கால் இருக்கும். ஜிக் ஸா இருக்கிறது அல்லவா, சின்ன வெட்டுகளுக்கு அதை எடுங்கள். கோடு கொஞ்சம் கோணினால் இழைத்துக்கொள்ளலாம்.

மரவட்டை எழுதியது:

இழைப்புளி அண்ணன் சொன்ன காரணம் எல்லாம் சரி, ஆனால் ‘செய்யாதீர்கள்’ என்றால் எத்தனை பேர் கேட்பார்கள்? இந்த மேசை ஊரெங்கும் இருக்கிறது. எப்படியும் செய்வேன் என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ட்ரிகரைக் கட்டுவதாக இருந்தால் சுவர் சுவிட்ச் கூடாது. மேசையின் முன்பக்கம், தொடை உயரத்தில், முழங்காலாலோ தொடையாலோ தட்டி அணைக்கிற மாதிரி பெரிய சிவப்பு பட்டன் வைத்த நோ வோல்ட் சுவிட்ச் (கரண்ட் போய் வந்தால் தானாக ஓடவிடாதது) வேண்டும். கை இரண்டும் மரத்தில் இருக்கும்போது சுவரை எட்ட முடியாது. ரைவிங் நைஃப் இல்லையென்றால் பிளேடின் நேர் பின்னால், அதே தடத்தில், மேசையில் ஒல்லியான கெட்டி மரத் தகடு ஒன்றை நிறுத்துங்கள். அதுவும் ரைவிங் நைஃப் மாதிரியே வெட்டின் அகலத்தைவிட ஒல்லியாக இருக்க வேண்டும். பிளேடோடு ஏறி இறங்காது, ஆனாலும் வெட்டை மூடவிடாது. மரத்தை எந்தப் பக்கமிருந்து தள்ளுவது என்று முதலில் உறுதி செய்யுங்கள்: ஸாவின் முன்பக்கமிருந்துதான், அங்கேதான் பற்கள் மேசைக்குள் இறங்கும். மறுபக்கம் நின்று தள்ளினால் பிளேடு மரத்தை உங்கள் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும். ஃபென்ஸ் என்று ஒரு ரீப்பரைக் கிளாம்ப் போட்டு வைப்பீர்கள், ஒவ்வொரு முறையும் பிளேடின் முன் பல்லிலிருந்தும் பின் பல்லிலிருந்தும் அளந்து பாருங்கள். பின்னால் அரை மி.மீ. குறைந்தாலும் ஓட்டாதீர்கள். நீளவாக்கில் அறுக்க ஃபென்ஸ், குறுக்கே அறுக்க ஸ்லெட், அதாவது மரத்தை மேலே வைத்து மேசையில் நகர்த்தும் தட்டு. குறுகின பலகையின் முனையை ஃபென்ஸில் ஒட்டி வைத்துக் குறுக்கே அறுத்தால் அது கோணலாகத் திரும்பி மாட்டிக்கொள்ளும்.

தள்ளுகட்டை இல்லாமல் ஸ்விட்ச் போடாதீர்கள். V வெட்டு வைத்த குச்சியைத்தான் எல்லோரும் செய்கிறார்கள், அது பின்னாலிருந்து மட்டும் தள்ளும், மரத்தின் முன்பாதி எழும்பினால் ஒன்றும் செய்யாது. 12 மி.மீ. ப்ளைவுட்டில், ஒரு முழங்கைக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில், செருப்பு வடிவத்தில் செய்யுங்கள். அடிப்பக்கம் தட்டையாகப் பலகை மேல் உட்கார வேண்டும், குதிகாலில் மட்டும் 5 மி.மீ. இறங்கி நிற்கும் ஒரு பல், அது பலகையின் கடைசி ஓரத்தைப் பிடிக்கும். கைப்பிடி முன்னோக்கிச் சாய்ந்து, ஃபென்ஸைவிட உயரமாக இருக்கட்டும், இல்லையென்றால் கைமுட்டி இடிக்கும். கீழேயும் அழுத்தும், முன்னேயும் தள்ளும். பிளேடு இதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், தின்னட்டும், அதனால் ஒரே அச்சில் நாலைந்து செய்து தொங்கவிட்டுவிடுங்கள். பிளேடுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வெறுங்கை வரக்கூடாது. தள்ளும்போது பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள், அந்தக் கோட்டில் பின்னால் யாரும் நின்று வேடிக்கை பார்க்கவும் கூடாது.

இழைப்புளி எழுதியது:

மரவட்டை சொன்னதில் எதையும் மறுக்கவில்லை, ஆனால் இத்தனையும் செய்து முடிக்கிற உழைப்பில் நல்ல வழிப்பட்டை ஒன்று செய்து அலமாரியே அறுத்து முடித்திருக்கலாம். அப்படியும் டேபிள் ஸா வேண்டுமென்றால், காசு சேர்த்து ரைவிங் நைஃப் உள்ளதாகவே வாங்குங்கள். வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக அதைக் கழற்றி அலமாரியில் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

யாராவது ஸாஸ்டாப் பற்றிக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் கண்டுபிடித்தது. பிளேடில் சிறிய மின் சமிக்ஞை ஓடும், விரல் பட்டதும் அது மாறும், ஒரு அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து 5 மில்லி நொடிக்குள் நிறுத்திவிடும். பிளேடும் அந்தக் கட்டையும் போச்சு, விரல் கீறலோடு தப்பும். அருமையான சாதனம். ஆனால் அது உதையைத் தடுக்காது, பறந்து வரும் கட்டையையும் நிறுத்தாது. அதிலும் ரைவிங் நைஃப் வைத்துத்தான் விற்கிறார்கள்.

மூன்றாம்பின் எழுதியது:

நான் மரவேலைக்காரன் இல்லை, எலக்ட்ரிக்கல் ஆள். கேபிள் டை என்று படித்ததும் எழுத வந்தேன்.

கட்டிய ட்ரிகரின் உண்மையான ஆபத்து கரண்ட் போய் வரும்போதுதான். அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள், கரண்ட் போகிறது, மெஷின் நிற்கிறது, என்ன ஆச்சு என்று குனிந்து பிளேடில் சிக்கிய துண்டை எடுக்கிறீர்கள், கரண்ட் வருகிறது. மரவட்டை சொன்ன நோ வோல்ட் சுவிட்ச் இதற்குத்தான். கரண்ட் போனால் உள்ளே சுவிட்சைப் பிடித்திருக்கும் மின்காந்தச் சுருள் (காயில்) விட்டுவிடும், திரும்ப வந்தாலும் பச்சை பட்டனை நீங்கள் அமுக்காமல் ஓடாது. கிரைண்டரில் லாக் ஆகும் சுவிட்ச் இருந்தால் அங்கேயும் இதே பிரச்சினை. கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சை ஆஃப் பண்ணுவது, அடுத்தது பிளக்கைப் பிடுங்குவது, அதற்கப்புறம்தான் பிளேடு பக்கம் கை.

பட்டறை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு கண்டதும் லைனை வெட்டும் சுவிட்ச், கட்டாயம். லோடு கூடினால் விழும் சாதாரண எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. மெஷின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, இரண்டு பின்னோடு வந்தாலும் பரவாயில்லை. மூன்று பின்னோடு வந்த மெஷினின் எர்த் பின்னை உடைத்து இரண்டு ஓட்டையில் சொருகுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர் ரீலில் சுற்றி இருந்தால் முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். 1,400 வாட் ஸா 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும், சுற்றியபடி விட்டால் உள்சுற்றுகளின் சூடு வெளியே போக இடமில்லாமல் காப்பு இளகிவிடும். குறைந்தது 1.5 சதுர மி.மீ. ஒயர், நீளம் கூடினால் 2.5. ஒல்லி ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கி மோட்டாரும் திணறும், திணறுகிற பிளேடு மரத்தில் சீக்கிரம் சிக்கும்.

தூசிராணி எழுதியது:

எதை முதலில் வாங்குவது என்ற கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கண்ணாடி, பக்கமூடி வைத்தது. சாதாரண பவர் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்று விடாதீர்கள், அதன் மேலேயே போடுகிற பெரியது கிடைக்கும். அதற்கடுத்து காது. பட்டறையில் சர்க்குலர் ஸா சர்வ சாதாரணமாக 100 டெசிபல் தொடும். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது கணக்கு, அப்படிப் போட்டால் 100க்கு வெறும் 15 நிமிடம். கொஞ்ச நேரம்தானே என்கிற வேலையே அதைத் தாண்டிவிடும்.

மூன்றாவது மூக்கு, ஆனால் என் கணக்கில் அதுவும் முதல் நாளே. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே சேர்த்துவிட்டது, மூக்கிலும் அதை ஒட்டிய குழிகளிலும் வருவது. மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை என்றால் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் கூட. தரையில் குவிகிற சுருளும் தூளும் பெரிய பிரச்சினை இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதப்பதுதான் நெஞ்சுக்குள் போகும். மெஷினை நிறுத்தியதும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பெருக்க ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அப்போதுதான் அதிகம் உள்ளே போகிறது. N95 போடுங்கள், துணி மாஸ்க் எதற்கும் ஆகாது. தாடி இருந்தால் ஓரத்தில் ஒழுகும். ஸாவின் தூசிக் குழாயில் வேக்குவம் மாட்டிவிட்டால் பாதி வேலை குறையும்.

பவர் டூல் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும், பக்கத்தில் மரத்தூள் வேறு. விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

சிராய் எழுதியது:

ரூட்டர் வாங்கப் போகிறீர்கள் என்பதால் சுருக்கமாக. கையில் பிடித்து ஓட்டும்போது பலகையின் வெளி ஓரங்களை இடஞ்சுழியாகச் சுற்றி வாருங்கள், சட்டத்தின் உள் ஓரம் என்றால் வலஞ்சுழி. பிட் சுற்றும் திசைக்கு எதிராகப் போக வேண்டும் என்பதுதான் விஷயம். அதே திசையில் போனால் பிட் சக்கரமாகி ஓட ஆரம்பிக்கும், ரூட்டர் உங்களை இழுத்துக்கொண்டு போகும். பிட்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டுக்குள் அடிவரை விட்டு, 2, 3 மி.மீ. மேலே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டியபடி இறுக்கினால் இறுகியது போலத் தெரியும், ஓட்டத்தில் நழுவும். பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்க மறக்காதீர்கள், 75 மி.மீ. பக்கம் போனால் 12,000 சுற்று போதும். அந்த அளவு பிட்டை ரூட்டர் மேசையில்தான் ஓட்ட வேண்டும், கையில் வேண்டாம். ட்ரில்லுக்கு ஒன்றே ஒன்று: துண்டைக் கையில் பிடித்துத் துளை போடாதீர்கள், பிட் மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் கவ்விக்கொண்டு துண்டையே சுழற்றும்.

புதுக்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தலைகீழ் மேசையை விட்டுவிட்டேன், கிரைண்டர் பிளேடையும். கையுறை விஷயத்தை வீட்டில் விளக்க இந்தப் பதிவையே காட்டப் போகிறேன். வழிப்பட்டையும் தெர்மோகோலும் ப்ளைவுட்டுக்குச் சரி, ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. ஸ்டூலுக்குக் குறுக்குச் சட்டம் எட்டு வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். இவ்வளவு சின்னத் துண்டை எப்படிப் பிடித்துக்கொண்டு சர்க்குலர் ஸா ஓட்டுவது?

இழைப்புளி எழுதியது:

சின்னத் துண்டைப் பிடிக்கவே வேண்டாம். நீளச் சட்டமாகவே மேசையில் இரண்டு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள், வெட்ட வேண்டிய முனை மட்டும் மேசைக்கு வெளியே நீட்டட்டும். குறுக்கே ஓட்ட ஒரு மூலைமட்டத்தைச் சட்டத்தில் அழுத்திப் பிடித்தால் நேராக வரும். வெட்டியது தானாகக் கீழே விழும், பிடிக்கக் கை நீட்டாதீர்கள், அடியில் ஒரு பழைய துணி மூட்டை போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே பிளேடு தின்னும் 2, 3 மி.மீ.யையும் விட்டு அளந்துகொள்ளுங்கள். சட்டத்தைக் கொஞ்சம் கூடுதல் நீளமாகவே எடுங்கள், கடைசியில் கிளாம்ப் பிடிக்க ஒரு முழமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையா, எட்டாவது துண்டுக்கு உங்களுக்குப் பழகிய கைரம்பம் இருக்கிறது.